சத்திரத்து மலையில் ஓர் ஓடுபாதை

பாலக்காட்டில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்குக் காற்றைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலைத்தொடர் விட்டுக்கொடுத்த வாசலே பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று மழையைச் சுமந்துகொண்டு கோயமுத்தூர்ச் சீமையை நோக்கி இவ்வாசல் வழியே புறப்படும். கார்த்திகை, மார்கழியில் கீழ்க்காற்று வறண்டு திரும்பி வரும். அதனை மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்பர். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டதும் இக்காற்றை நம்பியே. நாம் ஊழியம் செய்யும் இருப்புப்பாதையும் இதே வாசலில் நுழைந்துதான் மலையாளக் கரைக்குச் செல்கிறது.

சங்கத்து அன்பர்கள் கூடும் மாலைகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. மருத்துவம், பொறியியல், வங்கித் தேர்வு என்ற பழைய வரிசையில், ஆகாய விமானம் ஓட்டும் படிப்பும் இப்பொழுது சேர்ந்துகொண்டிருக்கிறது. எம் இலாகாவில் எஞ்சின் ஓட்டுநருக்கு 'லோகோ பைலட்' என்று பெயர் மாற்றி ஆண்டுகள் பலவாயின. அப்பெயரை வைத்துக்கொண்டு, விமானி ஆவதற்கு வழி என்னவென்று குமாஸ்தாவாகிய நம்மிடமே விசாரித்தவர்களும் உண்டு! நாமோ பத்தாம் வகுப்போடு நின்றவர். எனினும் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை தேடாமல் இருத்தல் அழகன்று எனக் கருதி, விதிகளைத் தேடிப் படித்து வந்தோம்.

அச்சமயம், நம்முடன் ஒலவக்கோட்டில் பணிபுரியும் நண்பருக்கு அவருடைய தமக்கை மகளிடமிருந்து கடிதம் வந்தது. இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பம் அது. பெண் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். தங்கள் மலைமேல் விமானம் இறங்கும் பாதை போட்டிருப்பதாகவும், விமானம் ஓட்டப் பழக வேண்டுமென்று தான் விரும்புவதாகவும், அதற்கு எந்தப் படிப்பில் சேரவேண்டும் என்று மாமா விசாரித்துச் சொல்லவேண்டும் எனவும் எழுதியிருந்தாள். நண்பர் கடிதத்தை நம்மிடம் நீட்டி, "நீங்களும் கூட வந்துவிடுங்கள், என்னால் பதில் சொல்ல முடியாது" என்றார். இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

இடுக்கி மாவட்டத்திற்கு இரயில் இல்லை. இரயில்வேக்காரனுக்கு இது ஒரு சிறு மனத்தாங்கலே. ஒரு காலத்தில் மூணாற்றுக்கு அருகே குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலைக்காகச் சிறு இரயில் ஓடியது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதனை அடித்துக்கொண்டு போயிற்று. ஆகவே நாம் கோட்டயம் வரை இரயிலிலும், அங்கிருந்து குமுளி செல்லும் பேருந்திலுமாகப் பிரயாணம் செய்தோம். காஞ்சிரப்பள்ளி, முண்டக்கயம் வரை இரப்பர் மரங்கள். அதன்பின் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். குட்டிக்கானத்தில் காற்றின் குளிர் மாறுகிறது. பீர்மேட்டைத் தாண்டினால் இருபுறமும் தேயிலை; கடைப் பலகைகளில் மலையாளமும், கடை வாசலில் தமிழும். வண்டிப்பெரியாற்றில் இறங்கித் தேநீர் அருந்தியபோது, மதுரைப் பக்கத்து ஊரொன்றில் இருப்பதாகவே தோன்றியது.

மறுநாள் காலை வல்லக்கடவு வழியாக ஜீப்பில் சத்திரம் சென்றோம். சத்திரம் என்பது நம் தமிழ்ச் சொல்லே. இங்கிருந்து புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடந்து செல்லும் பழைய பாதை உண்டு. கார்த்திகை, மார்கழியில் இருமுடி தாங்கிய பக்தர்கள் இக்காட்டு வழியே இறங்குவர். மற்ற நாட்களில் புல் மூடிய குன்றுகளும், மஞ்சும், பெரியாற்றுப் புலிக் காப்பகத்தின் கரிய காடுமே காட்சி. இதே பீர்மேட்டுப் பக்கத்தில் பருந்தும்பாறை என்றொரு சிகரம் உண்டு. பருந்துக்கு உகந்த இடம் எதுவென்று ஊரார் முன்னமே அறிந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

அம்மலை முதுகில், தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் விமானப் பிரிவு மாணவர்களுக்குப் பறக்கும் பயிற்சி அளிப்பதற்காகக் கேரளப் பொதுப்பணித் துறை அமைத்த ஓடுபாதை நீண்டு கிடக்கிறது. வேலை தொடங்கியது 2017-ஆம் ஆண்டில். நிலம் 12 ஏக்கர்; பாதையின் நீளம் 650 மீட்டர். 2022-ஆம் ஆண்டில் முதன்முதலாக விமானத்தை இறக்க முயன்றபோது, பாதைக்கு எதிரே நின்ற மண்மேடு தடையாக இருந்ததால் விமானம் வட்டமிட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்து மழையில் பாதையின் ஓரம் ஒரு பகுதி சரிந்தது. இறுதியாக 2022 டிசம்பர் 1-ஆம் தேதி, கொச்சியிலிருந்து புறப்பட்ட இரண்டு இருக்கை மைக்ரோலைட் விமானம் ஒன்று இங்கே இறங்கியது. இரயிலையே காணாத மாவட்டத்தில் விமானம் வந்து இறங்கிய நாள் அது.

அவ்விமானத்தின் பெயர் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80. சுலோவேனியா நாட்டில் பிப்பிஸ்ட்ரெல் என்னும் கம்பெனி செய்தது. பிப்பிஸ்ட்ரெல் என்பது ஒருவகைச் சிறு வௌவாலின் பெயர். கோவிட் காலத்தைக் கடந்து வந்த நமக்கு வௌவாலும் வைரஸும் ஒருசேரக் காதில் விழுந்தால் திடுக்கிடும். ஆயினும் இப்பெயர்கள் நோய்க்கு முன்பே வைக்கப்பட்டவை, பாவம்.

650 மீட்டர் போதுமா என்று நண்பர் ஐயுற்றார். நியாயமான ஐயந்தான், கொச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை 3,400 மீட்டர். ஆனால் 80 குதிரை சக்தி எஞ்சினோடு, இரண்டு பேரை மட்டும் சுமக்கும் மைக்ரோலைட்டுக்கு இந்நீளம் தாராளம். பறக்கும் பள்ளிகளில் வழங்கும் செஸ்னா போன்ற சற்றுக் கனமான விமானங்களுக்கு இது இறுக்கமான இடம். மேலும் மலைமேல் காற்று மெலிந்திருக்கும். மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தாங்கும் வலு குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. ஆகவே சமவெளியில் எழும்புவதற்கு வேண்டிய ஓட்டத்தைவிட இங்கே கூடுதல் ஓட்டம் வேண்டும். வெயில் ஏறினால் அதற்கும் மேல். விமானம் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்கொண்டே நடக்கவேண்டும் என்பது முதற்பாடம். மலையில் காற்று நேராக வீசுவதில்லை; குன்றின் முகப்பில் மோதி மேலேறி, மறுபக்கத்தில் சறுக்கிக் கீழே அழுத்துகிறது. அந்த இறங்குகாற்றில் அகப்பட்ட சிறு விமானம், விமானி எண்ணிய இடத்திற்கு முன்னரே தாழ்ந்துவிடும். எதிரே ஒரு மண்மேடு நின்றால் ஏன் இறங்க இயலாது என்பது இப்பொழுது விளங்கும். தாழப் பறந்து வர இடமின்றி உயரத்தில் வந்தால், பாதையின் பாதி தலைக்குக் கீழே வீணாகக் கழிந்துவிடும்.

நாம் அங்கே நின்ற ஒரு மணி நேரத்தில் மஞ்சு இருமுறை வந்து பாதையை முழுவதும் மூடித் திறந்தது. விமானம் எதனையும் காணவில்லை. சரிந்த பக்கத்தைப் பார்க்கையில், பல கோடி ரூபாய் செலவழித்த இடத்தில் மழைநீர் வடிவதற்கு இன்னும் சற்று முன்யோசனை செய்திருக்கலாமே என்று எண்ணாதிருக்க முடியவில்லை. எம் இலாகாவில் மலைச்சரிவில் தண்டவாளம் இடுமுன் முதலில் தண்ணீர் போகும் வழியைத்தான் பார்ப்பார்கள்.

மதியம் லயத்து வீட்டில் உணவு. பெண் நம் எதிரே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்துகொண்டாள்.

"சார், முதல்ல வந்த விமானம் எங்க பள்ளிக்கூடத்துக்கு மேலதான் சுத்திட்டுத் திரும்பிப் போச்சு. அப்ப நான் ஆறாம் வகுப்பு" என்று தொடங்கினாள். "பத்தாவது பாஸ் பண்ணினாப் போதும்னு டீச்சர் சொன்னாங்க. நிசமா, மாமா?" என்று நண்பரையும் பார்த்தாள்.

டீச்சர் சொன்னது உண்மையே. இந்தியாவில் தனியார் விமானி உரிமம் பெறுவதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதாவது நம்மைப் போன்ற குமாஸ்தாவுக்கும் படிப்பளவில் தடையில்லை! 16 வயதில் மாணவ விமானி உரிமம் பெறலாம். 17 வயதில் தனியார் உரிமம். இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் தேறவேண்டும். கண்ணாடி அணிந்து பார்வை சரியாக இருப்பின் குற்றமில்லை. நிறங்களைப் பிரித்தறியவும், ஒலிகளைக் கேட்கவும் வேண்டும். விமானச் சட்டங்கள், திசையறிந்து செலுத்தும் முறை, வானிலை, எஞ்சினும் இயந்திரமும் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு. வானொலித் தொலைபேசியில் பேசுவதற்குத் தனி உரிமம். இவை யாவும் முடிந்தும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதில் 20 மணி நேரம் தன்னந்தனியாக. ஒரு தனிப் பிரயாணம் 150 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டர் தூரத்திற்குக் குறையாமல் சென்று, இடையில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி வரவேண்டும்.

நாம் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். தனியாக விடும்போது பயமாக இராதா என்பது அடுத்த கேள்வி. ஆசிரியர் முதலில் அருகிலேயே இருப்பார். அவர் பக்கத்திலும் அதே கருவிகள் உண்டு. நேராகப் பறத்தல், திரும்புதல், ஏறுதல், இறங்குதல், வேகம் குறைந்து இறக்கை தாங்கும் வலுவை இழக்கும் நிலையை முன்கூட்டி உணர்ந்து மீளுதல், எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்று பார்த்து வைத்தல் ஆகிய இவற்றைப் பழக்கியபின், ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வகமாக வட்டமிட்டு இறங்குவதை மீண்டும் மீண்டும் செய்விப்பார். ஒருநாள் அறிவிப்பு ஏதுமின்றி விமானத்தை நிறுத்தச் சொல்லித் தாம் இறங்கிக்கொண்டு, "ஒரு சுற்று போய் வா" என்பார். ஓர் ஆளின் எடை குறைந்தமையால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக மேலேறும். புதியவர்களுக்கு வியப்பூட்டுவது அதுவே என்று படித்திருக்கிறோம். எம் இரயிலில் 'லைன் கிளியர்' இன்றி வண்டி நகராதது போலவே, நிலையத்துக் கோபுரம் அனுமதி தராமல் அங்கே விமானம் நகராது. கார்டு தம் பயணக் குறிப்பை எழுதுவது போல, விமானியும் ஒவ்வொரு நிமிடத்தையும் தம் பதிவுப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். அந்தப் புத்தகமே அவருடைய சொத்து.

இதுவரை வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார் அப்பொழுது வாய் திறந்தார். "எல்லாம் சரி மச்சான். இதுல சம்பளம் எவ்வளவு வரும்?" என்றார் நண்பரிடம்.

நண்பர் நம்மைப் பார்த்தார். மறைத்துச் சொல்வதில் பயனில்லை. தனியார் உரிமம் சம்பாதிப்பதற்கான உரிமம் அன்று, செலவழிப்பதற்கான உரிமம். அதைக்கொண்டு வீட்டாரையும் நண்பரையும் ஏற்றிப் பறக்கலாம். ஆனால் கூலி வாங்கக் கூடாது. கூலி வாங்க வேண்டுமாயின் வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு 200 மணி நேரம் பறக்கவேண்டும்; பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த நிபந்தனை. முன்பு பறந்த 40 மணியும் அந்த 200-ல் சேரும் என்பது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம். தனியார் உரிமத்திற்கே இலட்சக் கணக்கில் ஆகும். வணிக உரிமத்திற்கு வீடும் நிலமும் அடகு வைத்தவர்கள் உண்டு. லயத்தில் வாழ்பவருக்கு அடகு வைக்க அதுவும் இல்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம்.

"அப்ப இது பணக்காரங்க விளையாட்டு" என்று முடித்துவிட்டார் தகப்பனார்.

சரித்திரம் பெரும்பாலும் அவர் பக்கமே சாட்சி சொல்கிறது. இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி உரிமத்தில் எண் 1-ஐ 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. திருவாங்கூரில் பறக்கும் கழகம் தோன்றவும், திருவனந்தபுரத்தில் விமான நிலையம் அமையவும் முன்னின்றவர் அரச குடும்பத்து மருமகனான கர்னல் கோதவர்ம ராஜா. அவரும் ஒரு விமானி. 1971-ல் குலுப் பள்ளத்தாக்கில் நேர்ந்த சிறு விமான விபத்திலேயே அவர் உயிர் நீத்தார். இவர்களெல்லாம் கட்டணத்தைப் பற்றிக் கவலையுற்றவர்கள் அல்லர்.

ஆனால் சர்க்கார் பள்ளி திறந்தபோது வேறு முகங்கள் தோன்றின. பெங்களூர் ஜக்கூரில் அமைந்த அரசாங்கப் பறக்கும் பள்ளியில் 1949-ல் தேர்ந்தவர் திருமதி உஷா சுந்தரம். பின்னர் தம் கணவர் கேப்டன் சுந்தரத்துடன் சேர்ந்து, இங்கிலாந்திலிருந்து பம்பாய் வரை டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர். நம் மாதரில் ஒருவர் அந்நாளிலேயே இதைச் செய்தார் என்று சொன்னபோது, அடுப்படியிலிருந்த தாயார் எட்டிப் பார்த்து, "எந்த ஊரும்மா அவுங்க?" என்று மகளையே கேட்டார், அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது போல.

இடுக்கியிலேயே இன்னொருவர் இருக்கிறார். தொடுபுழையை அடுத்த தட்டக்குழையைச் சேர்ந்த சஜி தாமஸ், பிறவியிலேயே காது கேளாதவர், பேச இயலாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இளமையில், இரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைக் கண்டு ஆசை கொண்டு, பல ஆண்டுகள் பழைய சாமான்களைத் திரட்டித் தம் கையாலேயே சிறு விமானமொன்றைச் செய்தார். அது வானேறியது நம் திருநெல்வேலிச் சீமை மணிமுத்தாற்றில், 2014-ஆம் ஆண்டில். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் துணையோடு. வானொலியில் கேட்டுப் பேசவேண்டும் என்னும் விதி அவருக்கு எத்தகைய சுவர் என்பதை அன்பர்களே எண்ணிக்கொள்க. அவர் கதையைத் தழுவி 2017-ல் 'விமானம்' என்ற மலையாளத் திரைப்படமும் வெளிவந்தது.

இதற்கு நேர் எதிரானது பாலக்காட்டில் பொறியியல் பயின்ற அசோக் தாமராட்சனின் கதை. ஆலப்புழைக்காரரான இவர் இங்கிலாந்தில் குடியேறி, உத்தியோகம் பார்த்துக்கொண்டே தனியார் விமானி உரிமம் பெற்றார். கோவிட் முடக்கத்தின்போது நான்கு இருக்கை ஸ்லிங் விமானத்தின் பாகங்களை வாங்கித் தாமே பூட்டி, மகளின் பெயரால் 'ஜி-தியா' என்று பெயரிட்டு, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவில் பறந்தார். செலவு கோடியைத் தாண்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. அயல்நாட்டு உத்தியோகம் தந்த வசதி அது, குறை கூறுவதற்கில்லை.

லயத்துப் பெண்ணுக்கு இவ்விருவர் வழியும் ஆகாது. அவளுக்குத் திறக்கக்கூடியது அவள் வீட்டுக்கு மேலே மலைமுதுகில் கிடக்கும் அந்த 650 மீட்டரே. என்.சி.சி. விமானப் பிரிவில் சேரும் மாணவருக்குப் பறப்பதற்குக் கட்டணமில்லை. அதில் கிடைப்பது உரிமம் அன்று. பறந்த பழக்கம் மட்டுமே. ஆனால் கல்லூரியில் விமானப் பிரிவில் தொடர்ந்து 'சி' சான்றிதழ் பெறும் பட்டதாரிகள், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் பயின்றிருப்பின், 20 முதல் 24 வயதுக்குள் இந்திய விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குத் தனி நுழைவில் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் அவ்வழி உண்டு. அங்கே பயிற்சிச் செலவு அரசினுடையது, சம்பளமும் உண்டு. விமானப்படை வேண்டாம் எனில், திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும். இதனால்தான் அம்மலைப் பாதையின் சரிந்த ஓரம் நமக்கு வெறும் பத்திரிகைச் செய்தியாகப் படவில்லை. பணக்காரப் பிள்ளை வேறெங்கும் சென்று பழகுவான். சத்திரத்துப் பாதை பழுதானால், இழப்பு முழுவதும் இம்மலைப் பிள்ளைகளுக்கே.

"சம்பளம் உண்டா?" என்று தகப்பனார் மறுபடியும் கேட்டார், இம்முறை குரல் சற்று வேறாயிருந்தது. உண்டு என்றோம். எந்தப் பள்ளியில் விமானப் பிரிவு இருக்கிறது என்பதைத் தலைமையாசிரியரிடம் விசாரித்துக்கொள்ளுமாறும், பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிடலாகாது என்றும் சொன்னோம். பெண் அதனை எழுதி அடிக்கோடிட்டாள். கணக்கில் சென்ற பரீட்சையில் எவ்வளவு என்று நண்பர் வினவ, "அம்பத்தெட்டு, மாமா" என்றாள் மெல்ல.

"எம்பது எடு. வாரா வாரம் போன்ல கணக்குச் சொல்லித் தர்றேன்" என்றார் நண்பர். அவர் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவைச் சேர்ந்தவர். கோட்டயம் பேருந்துக்காக வண்டிப்பெரியாற்றுக் கடைத்தெருவில் நின்றபோது, ஒரு புத்தகக் கடையில் நுழைந்து ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகம் ஒன்றை வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டார். மலையாள வழிப் புத்தகந்தான் இருந்தது. தமிழ் வழியில் தருவித்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அதுவரை எண்களாவது ஒன்றுதானே என்று சொல்லி, நண்பர் பேருந்தில் ஏறினார்.